என் வாய்க்குப் பயந்து கொண்டுவந்த பாட்டில்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்க்கரை வியாதிப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். எனக்கு வேலை தெரியும். அதைவிட நன்றாகத் திட்டத் தெரியும்.

செவ்வாய்க்கிழமைதோறும் நோயாளிகள் காலையில் பிடித்த சிறுநீரைச் சின்ன பாட்டிலில் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். டெஸ்ட் டியூபில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைப்பேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப அதிகம். சிவப்பு வந்த ஆளை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, "நேத்து எந்த வீட்டு விசேஷத்துல பாயாசம் குடிச்சீங்க?" என்பேன். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். மறு வாரம் வாயைக் கட்டுவார்கள் என்று நினைப்பு.

எழுமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பதின்மூன்று வயது. உடம்பில் இன்சுலின் சுரப்பது அடியோடு நின்றுபோனவள். ஊசி போட்டால்தான் உயிர். காட்டுவேலை செய்யும் அவள் அம்மாவுக்கு ஊசி போட நான்தான் கற்றுக்கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் சிவப்பு. வாங்கு வாங்கென்று வாங்கினேன். மூன்றாவது வாரத்திலிருந்து பளிச்சென்று நீலம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. டியூபைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பிள்ளையப் பாத்துக் கத்துக்கங்க" என்று பெரியவர்களையெல்லாம் கூசவைத்தேன். அந்த நீலத்தை நம்பி டாக்டரும் இன்சுலினைக் குறைத்தார்.

ஒன்றரை மாதத்தில் அவள் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்தியிருந்தாள். "குடம் குடமாத் தண்ணி குடிக்குதும்மா. எம்புட்டுத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றாள் அம்மா. பிள்ளையின் மூச்சில் அழுகிய பழ வாசனை, சர்க்கரை முற்றி உயிருக்கு ஆபத்தானால் வருவது. பாட்டிலில் இருந்ததோ அன்றும் நீலம்தான் காட்டியது.

என் மூக்கை நான் நம்புவேன். காலி பாட்டில் ஒன்றைக் கொடுத்து அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வாசலிலேயே நின்றேன். வாங்கிவந்து கொதிக்கவைத்தேன். செங்கல் நிறம்.

"இத்தன நாளாக் கொண்டுவந்தது யாருது?"

"தங்கச்சியோடது," என்றாள். "செவப்பு வந்தா எல்லார் முன்னாடியும் வைவீகன்னு..."

அம்மா கையை ஓங்கினாள். நான் பிடித்துக்கொண்டேன். "அவள அடிக்காதீங்க. பயங்காட்டுனது நான்." என் வாயால் ஒரு பிள்ளை செத்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. அன்றே வார்டில் சேர்த்தோம். மூன்று நாள் சலைனும் இன்சுலினும் ஏறின. நான்காம் நாள் இட்லி கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெஞ்சில் இருந்தவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "இனிமே செவப்பு வந்தா ஒரு வார்த்த வைய மாட்டேன். ஆனா உங்க பாட்டில்ல உங்களோடது மட்டும்தான் இருக்கணும்." யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முதல் டியூப் திருமங்கலத்து வாத்தியாருடையது. வருஷக்கணக்கில் நீலம் தவிர வேறு காட்டாத மனிதர். கொதித்ததும் செக்கச்செவேல் என்று ஆனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இது என்னோடதுதான் சிஸ்டர்" என்றார். அன்று அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள்.