மூலை தெரியாத கேமரா

பாலக்காட்டுக் கேமராக் கடையில் கேட்ட அந்த 'டக்' சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. மதினி ஒவ்வொரு கேமராவாக எடுத்துக் கண்ணில் வைப்பாள். அது அவளுடைய மூக்குக்கண்ணாடியில் போய் இடிக்கும். உடனே கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். ஒன்பது கேமராவோ பத்தோ, அப்படி எடுத்து எடுத்து வைத்தாள். நான் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

மதினி என் அண்ணன் மனைவி. மாட்டுப்பட்டி பக்கத்து எஸ்டேட்டுகளில் கல்யாணம், சடங்கு, மாதா கோயிலில் பிள்ளைகள் வாங்கும் புதுநன்மை, சாவு எதுவானாலும் அவள்தான் படம் எடுப்பாள். ஸ்டுடியோ அண்ணன் பேரில் இருந்ததே தவிர, அவன் உயிரோடு இருந்தபோதே நல்ல படமெல்லாம் மதினி எடுத்ததுதான். அவன் போன பிறகு அவனுடைய கனத்த கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்காட்டுப் பாதையெல்லாம் தனியாக நடந்தாள். அறுபது தாண்டியதும் ஒரு மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. அதற்குப் பின்னாலேயே கண்ணில் புரை. மகள் பாலக்காட்டை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் வாக்கப்பட்டிருந்ததால் ஆபரேஷனைப் பாலக்காட்டில் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி கொடுத்த அன்றைக்குத் துணைக்குப் போனவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கேமராக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கேட்டது இரண்டே இரண்டு. கனமில்லாமல் இருக்கவேண்டும்; கண்ணாடியோடு பார்த்தால் படத்தின் நாலு மூலையும் தெரியவேண்டும். கடைக்காரத் தம்பி பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரன், நல்ல மரியாதைக்காரன். "ஏனுங்கம்மா, கண்ணாடியக் கழட்டிருங்க. இந்தச் சின்னச் சக்கரத்தைத் திருகுனா உங்க பவருக்கு வந்துருமுங்க" என்றான். மதினி சிரித்தாள். "கழட்டுனா பொட்டிக்குள்ள இருக்கது தெரியும் தம்பி, வெளிய நிக்க சனம் தெரியாதுல்லா? எனக்கு ரெண்டும் தெரியணும்." அது உண்மைதான். அவள் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்தால் மற்றக் கண்ணை மூடமாட்டாள். அந்தக் கண் ஆட்களின் மேலேயே இருக்கும். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் கேமராவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிடுகிறது. நடுவில் இருப்பது மட்டும் தெரியும், ஓரம் தெரியாது. எனக்கு அப்போது இதெல்லாம் கிறுக்குத்தனமாகப் பட்டது.

மூலைக்காக அவள் ஏன் அப்படி அடித்துக்கொண்டாள் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகளில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு படம் உண்டு. வாசலில் பெட்டியைச் சாய்த்து வைத்து, தலைமாட்டில் மனைவி மக்கள், சுற்றிலும் சொந்தபந்தம் எல்லாரும் நிற்கவேண்டும். பிறகு அந்தப் படம் வருஷக்கணக்காகச் சுவரில் தொங்கும். யார் எங்கே நின்றார்கள், யாரைக் காணோம் என்று வருகிறவன் போகிறவனெல்லாம் விரல் வைத்துப் பார்ப்பான். அந்தப் படத்தில் இல்லாதவன் அந்தச் சாவுக்கே வராதவன். அதனால் மதினி யாரையும் விடமாட்டாள். "சித்தி, முக்காட்ட எடுங்க. சின்ன மாமா, அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிடுங்க. கடைசில நிக்கது யாரு, உள்ள வாங்க" என்று ஒவ்வொருவரையும் முறைசொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவாள். கண் மங்கிய பிறகு ஒரு முறை, காந்தலூரில், செத்துப்போன பெண்ணின் அக்காவைப் படத்தில் பாதியாக வெட்டிவிட்டாள். அந்த அம்மா படத்தைக் கொண்டுவந்து மதினி வீட்டு வாசலில் எறிந்துவிட்டு மண்ணை வாரித் தூற்றினாள். மதினி அந்தப் படத்தை எடுத்துத் துடைத்துத் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

கடையில் என்னை ஒரு சுவரோரம் நிறுத்தினாள், அந்தத் தம்பியை எதிர்ச்சுவரோரம். "ரெண்டு பேரும் கையத் தூக்குங்க." ரெண்டு கையும் ஒரே நேரத்தில் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. சர்க்கார் ஆபீஸ் பியூன் நான், கடைக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், வந்த வாடிக்கையாளர்கள் பார்க்க! ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். கை வலிக்கவில்லை, மூலையும் தெரிந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் அது காட்டுவதற்கு வைத்திருந்த ஒன்று; விற்பதற்குக் கொச்சியிலிருந்து வரவேண்டும், பத்து நாள் ஆகும் என்றான் தம்பி. பத்து நாள் கழித்து மறுபடியும் பாலக்காடா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பொள்ளாச்சி போய், உடுமலையில் மூணாறு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். மறுநாள் தேவிகுளத்தில் ஆபீசைத் திறக்கவேண்டியவள் நான்.

"பேசாம அந்தச் சின்னத எடுங்க மதினி. பின்னாடிதான் டிவி மாதிரி இருக்கே, அதுல பாத்து எடுத்தாப் போச்சு. ஊர் உலகமே அப்படித்தான எடுக்கு" என்று, திரை மட்டும் வைத்த ஒரு கேமராவைக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெயில்ல அது தெரியாதேட்டி" என்றாள். "நம்மூர்ல என்னைக்கு வெயில் அடிச்சிருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். சின்னதையே வாங்கினாள். பஸ்ஸும் கிடைத்தது. உடுமலை தாண்டியதும் நான் தூங்கிவிட்டேன்.

அந்தக் கேமராவோடு அவள் பட்ட பாடு கொஞ்சமா? கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் பக்கத்தில் இருப்பது தெரியும். அதனால் தாடையைத் தூக்கி, கேமராவைக் கை நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்ப்பாள். நீட்டிய கை நடுங்கும். வெயில் அடித்தால், யாராவது குடை பிடித்தால் திரை தெரியும், இல்லாவிட்டால் உத்தேசம்தான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் இறந்தார். எஸ்டேட் மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தவர், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஒரே மகன் அதற்கு ஆறு வருஷம் முன்னால், கூட வேலை பார்த்த ஒரு இந்துப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போயிருந்தான். "ஊருக்கு செபம் சொல்லிக்குடுக்கவன் வீட்டுல இப்படியா? இனி அவன் எம் பெட்டிகிட்டகூட வரக்கூடாது" என்று இவர் சொன்னது லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். சேதியை அவனுக்குச் சொன்னவள் மதினிதான். தனியாக வந்தான். படத்துக்கு எல்லாரும் நின்ற பிறகு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மாட்டுப் பக்கம் கடைசியில் நின்றான். மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்றைக்கென்று சுள்ளென்று வெயில். மதினி கண்ணைத் துடைப்பதும் திரையைப் பார்ப்பதுமாக நின்றாள். "எல்லாரும் வந்தாச்சா, யாரும் விட்டுப்போச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. எடுத்துவிட்டாள்.

படத்தில் அவனுடைய இடது கை மட்டும் இருக்கிறது, முழங்கைக்குக் கீழே.

யாரோ அதை அவனுக்குப் போனில் அனுப்பியிருக்கிறார்கள். "நல்லா வெட்டியிருக்கீங்க" என்று ஒரே வரி எனக்கு எழுதினான். அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை. மதினி விஷயம் அறிந்து துடித்துப்போனாள். தன் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள், என் முன்னால்தான். "மருமவனே, கண்ணு தெரியாத கிழவி செஞ்ச தப்புய்யா இது. உங்க அம்மைக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதாள். அவள் இன்னும் ஏதோ சொல்வதற்குள் அவன் வைத்துவிட்டான். அன்றோடு மதினி கேமராவைத் தொடவில்லை. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால், கண் போச்சு, வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். வேலை இல்லாத மதினியைப் பார்க்கச் சகிக்காது. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இந்த ஆடி மழையில் அவளும் போய்விட்டாள்.

அன்று காலை நான் அவனைக் கூப்பிட்டேன். ஆச்சரியம், எடுத்தான். அத்தை இறந்துவிட்டாள் என்று சொன்னேன். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாலக்காட்டுக் கடை, அவள் கண்டுபிடித்த நல்ல கேமரா, பத்து நாள், பஸ், என் அவசரம். "அத்தை மேல ஒரு தப்பும் இல்லய்யா. நாந்தான் அந்த ஆகாத கேமராவ வாங்க வச்சேன். என்னாலதான் நீ படத்துல விழல" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசானதுபோல இருந்தது. அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் கோபப்படவில்லை. "அத்தைக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றான். "அவங்க ரெண்டு தடவ கேட்டாங்கள்ல, யாரும் விட்டுப்போச்சான்னு. நான் உன்னயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

வைத்துவிட்டான். சாயங்காலம் வரைக்கும் பெட்டியை மூடவிடாமல் வைத்திருந்தேன். அவன் வரவில்லை.

இவருடைய படம் எடுத்த அன்றைக்கு அவன் வந்ததை நான் பார்த்தேன். அவன் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தேன், என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். பக்கத்தில் இவருடைய அக்காமார் நின்றார்கள். "உள்ள வாய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதினி அந்தச் சத்தம் வந்த பக்கம் கேமராவைத் திருப்பியிருப்பாள். நான் குனிந்து இவருடைய கையிலிருந்த ஜெபமாலையைச் சரிசெய்தேன். எனக்கு அன்றும் கண்ணாடி கிடையாது, இன்றும் கிடையாது. எனக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை.