அண்ணைக்குப் படைத்த வேப்

காலை 10.20. ரொறன்ரோவில் விமானம் இறங்கியபோது பனி தூறிக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்தேன். செத்தவீட்டுக்கு வராததற்கு லீவு இல்லை என்று சாட்டுச் சொன்னவன் நான். உண்மையில் அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயம்.

அண்ணையின் மகள் நிலானி, பதினேழு வயது, தகப்பனின் காரோடு வந்திருந்தாள். காருக்குள் இன்னும் அண்ணையின் வேப், அந்த மின்சிகரெட்டின் மாம்பழம் மணத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சனியனை அவருக்குப் பழக்கியதே நான்தான். நாலு வருடத்துக்கு முன் லண்டனில் வாங்கிவந்து, சிகரெட்டை விடுங்கோ, இது வெறும் ஆவி என்று டாக்குத்தர் மாதிரி அளந்தேன். சிகரெட் என்றால் மனிதர் சப்பாத்துப் போட்டுப் பனிக்குள் இறங்கவேண்டும், நாளுக்கு ஐந்தாறுதான். இது வந்தபின் கட்டிலில்கூட வாயை விட்டு எடுக்கவில்லை. நெஞ்சடைத்துப் போனார். இதனாலா என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணையின் வீடு இருக்கும் அஜக்ஸ் அறுபது கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அண்ணி போன் எடுத்தார். படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் இருக்கட்டும், வேப்புக்கு ஊற்றும் அந்தப் போத்தலும் வாங்கி வாருங்கள் என்றார்.

“படைச்சு முடியக் குப்பையிலை போட்டிடுவன், தம்பி. உது இனி இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். பிள்ளை இருக்கிறாள்.”

11.50. மார்க்கம் வீதியில், புடவைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடிக் கடை. பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர் நுழையக்கூடாது என்று பலகை. நிலானி காரில் இருந்துகொண்டாள்.

“மாங்கோ ஐஸ், ட்வென்ரி மில்லிகிராம் எண்டு கேளுங்கோ சித்தப்பா. மின்ற் தந்தால் வாங்காதேங்கோ.”

உள்ளே மருந்துக்கடை ஒழுங்கு. போத்தல்களில் தர்ப்பூசணி, பஞ்சுமிட்டாய், பபிள்கம் என்று சுவைகள். பஞ்சுமிட்டாய் எந்த ஐம்பது வயதுக்காரனுக்காம்? கடைக்காரர் நம்மவர். என் நரையைப் பார்த்தும் அடையாள அட்டை கேட்டார். சட்டமாம், சின்ன ஆட்களுக்கு அவர்கள் கொடுப்பதில்லையாம். முப்பது மில்லி, வரியோடு இருபத்தெட்டு டொலர்.

மறுநாள் மதியம் 12.30. தலைவாழை இலையில் சோறு, கறிகள், வடை, பால்ரீ. இலையோரம் புதுப் போத்தலிலிருந்து நிரப்பிய அண்ணையின் வேப். வந்திருந்த அங்கிள் ஒருவர்தான் சிக்கலைச் சொன்னார். சிகரெட் என்றால் பற்றவைத்து வைக்கலாம், தன்பாட்டில் எரியும். இதை ஆராவது இழுத்தால்தானே புகைவரும்?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கை நீளவில்லை.

நிலானி குனிந்து எடுத்தாள். எங்கே அமத்துவது என்று கேட்கவில்லை. ஒரே இழுவை, இருமலும் இல்லை. நிதானமாக மூக்கால் விட்டாள். தகப்பனின் படத்தைப் புகை மூடியது. அண்ணி மகளைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

பிற்பகல் 4 மணி. நான் புறப்படும்போது அண்ணி வடை கட்டித் தந்தார்.

“குப்பையிலை போடத் தேடினன், தம்பி. இலையடியிலை இல்லை.”

விமான நிலையத்துக்கு நிலானிதான் ஓட்டினாள். புத்தி சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? கார் முழுக்க மாம்பழம் மணத்தது. அண்ணை போய் ஒரு மாதம். எந்த மணம் ஒரு மாதம் நிற்கும்? வரும்போது அதை அண்ணையின் மணம் என்று நினைத்து அழுதேன், மடையன்.