ஓடுற மோட்டருக்கு ஒரு நாள் லீவு

மெசின் பராமரிப்பு எண்டது ஒண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுற வேலை, ஒண்டும் நடக்காட்டி, "இவ என்னத்துக்குச் சம்பளம் எடுக்கிறா?" எண்டு கேட்பினம். கையில கிரீஸ் பிடிச்ச சகோதரங்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் பக்டரியில மெசின்களுக்கு நான்தான் பொறுப்பு. காலமை பாலையூற்றில இருந்து ஸ்கூட்டியில வருவன். வரேக்க என்ர சட்டை நீலம். போகேக்க என்ன நிறம் எண்டு அம்மாவுக்கே தெரியாது.

காதில ஸ்குருட்ரைவர்

பெரிய மோட்டரின்ர பேரிங் சரியில்லை எண்டு எனக்குச் சந்தேகம் வந்த நாளில இருந்துதான் என்ர கரைச்சல் தொடங்கினது. ஸ்குருட்ரைவரின்ர நுனியை மோட்டரில வைச்சு, பிடியைக் காதில வைச்சுக் கேட்டால் உள்ளுக்க என்ன நடக்குது எண்டு தெரியும். நல்ல பேரிங் ஒரே சீரா இரையும். இது கல்லுக் கலந்த சோத்தைச் சப்புற மாதிரிக் கறக் கறக் எண்டுது. அந்த மோட்டர் இறுகி நிண்டால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாட்டி சல்லி ஊரில இருந்து இறக்கக்கண்டி வரைக்கும் பிடிச்ச மீனெல்லாம் கரையில கிடந்து நாறும்.

ஐஸ் எடுக்க வந்த சல்லித் தவராசா அண்ணை, நான் கண்ணை மூடிக்கொண்டு மோட்டரில சாய்ஞ்சு நிண்டதைக் கண்டிட்டார். கூட வந்தவரிட்ட மெதுவாச் சொன்னார்: "பாவம் பிள்ளை, வீட்டில கதைக்க ஆளில்லைப் போல."

ஓடுது தானே

எங்கட மனேச்சர் நளீம் சேர், கிண்ணியாக்காரர். தங்கமான மனிசன், ஆனால் மெசினை நிப்பாட்டுற கதை எடுத்தால் அவருக்குக் காய்ச்சல் வந்திடும். "சேர், ஒரு பகல் நிப்பாட்டித் தாங்கோ. புதுப் பேரிங் அலுமாரியில கிடக்கு, மாத்திப்போட்டு விடுறன்" எண்டு கெஞ்சினன்.

"இப்ப ஓடுதா, இல்லையா?"

"ஓடுது சேர், ஆனால்..."

"ஓடுது தானே!"

அடுத்த நாளும் போனன். நாங்களா நிப்பாட்டினால் ஒரு பகல், அதுவா நிண்டால் மோட்டரே எரிஞ்சு போகும், பிறகு எத்தினை நாளைக்கு ஐஸ் வராது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டு தொண்டை வறள விளங்கப்படுத்தினன். மனிசன் தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சு முடிச்சிட்டுச் சொன்னார்: "நல்லா நித்திரை கொள்ளுற ஆளைத் தட்டி எழுப்பி, நித்திரை வருதா எண்டு கேக்கப்படாது மகள்."

பூசைக்குப் போன ஸ்பானர்

இந்த நேரத்தில ஆயுத பூசை வந்தது. எங்கட பக்டரியில வேலை செய்யிற பெடியளின்ர வழக்கப்படி அண்டைக்குப் பகல் முழுக்க மெசின் ஓடக்கூடாது. பூசையில வைச்ச ஆயுதத்தை ஒருத்தரும் தொடவும் கூடாது. என்ர கெஞ்சலுக்கு நிக்காத மோட்டர் அம்மனுக்கு நிண்டுது! நளீம் சேரே வந்து சுவிட்சை நிப்பாட்டினார். "பெடியளின்ர வழக்கம், அதை மாத்த ஏலாது" எண்டு சொல்லி, கடலையும் பழமும் தன்ர செலவில வாங்கித் தந்திட்டு வீட்டுக்குப் போயிட்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஓடிப்போய் ஆயுதப் பெட்டியைத் திறந்தால், அது காலி. ஸ்பானர் எல்லாம் கழுவித் துடைச்சு, சந்தனமும் குங்குமமும் வைச்சு, அம்மன் படத்துக்கு முன்னால வரிசையாக் கிடக்கு. ஒண்டைத் தொட்டாலும் பெடியள் என்னைக் கொன்றுபோடுவாங்கள். அட கடவுளே, அழுகைதான் வந்தது.

அப்பதான் மெசின் ஓட்டுற அன்ரன் அண்ணை தோளில பையோட வந்தார். வேதக்காரர். தன்ர ஸ்பானர்களை ஒருத்தரையும் நம்பி விட்டிட்டுப் போகமாட்டார். ஒவ்வொரு நாளும் வீட்டை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வாறவர். நாங்கள் எல்லாரும் அவரை அதுக்காக நக்கலடிக்கிறனாங்கள். அவர் பையைத் திறக்க, பெடியள் முறைச்சாங்கள். அன்ரன் அண்ணை அசையவே இல்லை: "என்ர ஸ்பானர் மாதா கோயிலுக்குப் போறது தம்பியள், அதுக்கு இண்டைக்கு லீவில்லை."

பூசையின்ர பலன்

பின்னேரம் வரைக்கும் ரெண்டு பேரும் மினக்கெட்டுப் பேரிங்கை மாத்தினம். கழட்டினதைக் கையில வைச்சுப் பார்த்தன்: குண்டெல்லாம் தேஞ்சு, கூடும் வெடிச்சிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் எங்கட கதை கந்தல். அடுத்த நாள் காலமை மோட்டர் கறக் கறக் எண்ட சத்தமில்லாமல் பூனைமாதிரி ஓடிச்சுது. தவராசா அண்ணை பெட்டி நிறைய ஐஸ் ஏத்திக்கொண்டு போனார்.

"இப்ப என்ன சொல்லுறீங்கள்?" எண்டு கேட்கத்தான் பழைய பேரிங்கைத் தூக்கிக்கொண்டு மனேச்சரின்ர அறைக்குப் போனனான். நான் வாயைத் திறக்க முன்னமே, அவர் மெசின் அறைப் பக்கம் காதைக் குடுத்து, முகமெல்லாம் சிரிப்பாச் சொன்னார்: "பாத்தீங்களா மகள், சும்மா பேரிங் பேரிங் எண்டு என்னைப் போட்டு வதைச்சீங்க! பூசை வைச்சதோட சத்தம் போயிட்டுது. இனி மாசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டிப் பூசை வையுங்க, கடலை என்ர பொறுப்பு."

பேரிங்கை மெல்லமா முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு "ஓம் சேர்" எண்டு சொல்லிட்டு வந்திட்டன். இப்ப எங்கட பக்டரியில மாசம் ஒரு நாள் அம்மனுக்குப் பூசை, மோட்டருக்குக் கிரீஸ், அன்ரன் அண்ணைக்கும் எனக்கும் ஆளுக்கொரு பிடி கடலை.