உறுமும் பெட்டியும் பச்சை ஒயரும்

முதலில் ஒரு விடுகதை. ஒரு காவலாளி. நூலைவிட ஒல்லி. கண்ணாடி வீட்டில் குடியிருக்கிறான். வேலையை ஒழுங்காகச் செய்தால் அந்த நொடியே செத்துப்போவான். செத்ததற்கும் அவனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். யார் அவன்?

பழைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவர்கள் இதற்குள் பதிலைச் சொல்லியிருப்பீர்கள். அவன் பிணத்தை எடுத்துப் போட்டு அடுத்தவனைக் குடிவைப்பதுதானே நம் பிழைப்பு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பியூஸ். எனக்கு ராயபுரத்தில் ஒரு சந்தில் கடை. அதற்கு முன் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிறவர்கள், "மெக்கானிக் இல்லீங்களாக்கா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் சுவர் இருக்கிறது.

கப்பலில் வந்த பெட்டி

தாஸ் பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்தார். சாயங்காலம் கல்யாணக் கச்சேரிகளிலும் மாதா கோயில் பாடற்குழுவிலும் கித்தார் வாசித்தார். வால்வு ஆம்ப் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் எரிய, கித்தார் சத்தம் இளகி வரும் பழைய காலத்துப் பெட்டி அது. கப்பலில் இருந்து கழற்றிய சாமான்கள் விற்கும் கடையில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொருகினார். பியூஸ் போனது. வேறு போட்டார். அதுவும் போனது. பெட்டியையும் மகள் ஷீபாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

"மட்டமான பியூஸா வித்துகினு கீறானுங்கக்கா" என்றார்.

பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் துருவுக்கு அடியில் இருந்த எழுத்தைத் துடைத்துக் காட்டினேன். அது நூற்றுப்பத்து வோல்ட் பெட்டி. நம் வீட்டு மின்சாரம் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். பியூஸ் மட்டும் சாகாமல் இருந்திருந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் வெந்திருக்கும். வோல்ட்டைக் குறைக்கும் கட்டை ஒன்றை முன்னால் மாட்டிக் கொடுத்தேன். ஆம்ப் எரிந்தது. வேலை முடிகிற வரைக்கும் சும்மா இருக்கட்டும் என்று ஷீபாவிடம் அந்த விடுகதையைப் போட்டேன். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கருகிய பியூஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்போ இது செத்தாத்தான் நல்லதா ஆண்டி?"

வெள்ளித் தாள்

இதே கேள்வியைப் பெரியவர்கள் கேட்டதில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் ஒருவர் மைக் ஆம்பைக் கொண்டுவந்தார். புகை வந்ததாம். பியூஸ் இருக்கும் இடத்தைத் திறந்தேன். செத்துப்போன பியூஸைச் சுற்றி சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். காவலாளியின் பிணத்துக்குச் சட்டை போட்டு வாசலில் நிறுத்தியது போல இருந்தது. திருடன் உள்ளே போய் எல்லாவற்றையும் வாரிவிட்டான். டிரான்ஸ்பார்மர் கரி.

வெள்ளித் தாளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, இதனால்தான் எரிந்தது என்றேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத்தினி நாளா இதான் ஓட்டுச்சி. நீ தொறந்து பாத்தப்புறந்தான் கெட்டுப்போச்சின்ற."

தேனீ

தாஸின் ஆம்ப் மறுபடி வந்தது. இப்போது உறுமல். கித்தாரைத் தொடாமலே பெட்டி 'ம்ம்ம்' என்றது. இந்த வட்டாரத்துப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்பதைத் திறந்தாலே சொல்லிவிடலாம். எண்ணூர் என்றால் உள்ளே அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். கடலோரம் என்றால் செம்பெல்லாம் பச்சை பூத்திருக்கும். தாஸ் வீடு கடலோரம். பச்சையைச் சுரண்டி, காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினேன். உறுமல் முக்கால்வாசி போய்விட்டது.

மீதி உறுமல் பெட்டிக்குள் இல்லை. கச்சேரியில் மைக் செட்டை ஒரு சுவரிலும் ஆம்பை இன்னொரு சுவரிலும் சொருகினால், இரண்டின் எர்த்தும் ஒத்துப்போகாமல் உறுமும். இரண்டையும் ஒரே பிளக் பலகையில் சொருகினால் அடங்கும். ஆனால் மைக் செட்காரர்கள் தங்கள் பலகையில் வாசிக்கிறவர்களை ஒரு பிளக்கைக்கூடச் சொருக விடமாட்டார்கள். அது அவர்கள் கௌரவம். உங்களுக்கும் தெரிந்ததுதான். தாஸ் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

கச்சேரிக் குழுவின் தலைவர் ஒரு முடிவோடு இருந்தார். இன்னொரு முறை உறுமினால் கித்தாருக்குப் பதில் கீபோர்டிலேயே கித்தார் சத்தத்தை வைத்துக்கொள்வாராம். அவர் சொன்னதை அவர் குரலிலேயே தாஸ் எனக்குச் சொல்லிக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"'கித்தார் வாசிக்க ஆள் கூப்ட்டா, நீ தேனீய இட்டாந்து குந்த வெச்சிகினு கீறியே நைனா'ன்றாருக்கா."

ஒரே வெட்டு

அந்தக் குழுவுக்கு மைக் செட் போடுகிறவர் குமார். ரிப்பேருக்குக் கொடுத்த ஹாரன் ஸ்பீக்கரை வாங்கக் கடைக்கு வந்தார். வந்ததும் முகமெல்லாம் சந்தோஷம். திருவொற்றியூரில், கடலைப் பார்த்த மண்டபம் ஒன்றில் கச்சேரி நடந்ததாம். காற்றில் ஒரே ஈரம். அன்றைக்கு ஆம்ப் உறுமியதோடு பியூஸும் போனது. வேறு போட்டால் அதுவும் போனது. தலைவர் முறைத்துக்கொண்டு நிற்க, தாஸ் மேடையில் குந்திக்கொண்டு அடுத்த பியூஸைத் தேடிக்கொண்டிருந்தாராம். குமார் ஆம்பின் பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போகும் பச்சை ஒயரை வெட்டிவிட்டார். உறுமலும் நின்றது, பியூஸ் போவதும் நின்றது.

நான் ஹாரனைக் கீழே வைத்துவிட்டேன். பியூஸ் போனது என்றால், உள்ளே எங்கோ மின்சாரம் கசிந்து இரும்புக் கூட்டுக்கு வருகிறது என்று அர்த்தம். பச்சை ஒயர் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில்தான் பியூஸ் சாகும். ஒயரை வெட்டினால் கசிவு நிற்காது. இரும்பிலேயே காத்திருக்கும், யாராவது தொடட்டும் என்று. இதைக் குமாரிடம் மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் கலைந்தது. ஆனால் முழுதாக நம்பவில்லை. கையோடு தாஸுக்குப் போன் போட்டு, பெட்டியை எங்கும் சொருகாமல் உடனே கொண்டுவரச் சொன்னேன்.

"இப்பதாங்க்கா மொத தபா அந்தாளு 'இன்னா தாஸு, இன்னிக்கி சூப்பரா கீது'ன்னாரு. ஞாயித்துக்கெழம ஒரு ரிசப்ஷன் கீது, அத்த முடிச்சிட்டு எத்தாந்துட்றேன்."

நல்ல பியூஸ்

ஞாயிற்றுக்கிழமை மாலை தூறியது. மேடைக் கம்பளம் நனைந்திருந்தது. நாலாவது பாட்டோ ஐந்தாவது பாட்டோ, கோரஸ் பாடுவதற்காக தாஸ் மைக்குக்கு வாயைக் கொண்டுபோனார். கை கித்தார் கம்பியில் இருந்தது. கித்தார் ஒயர் வழியாக ஆம்போடு சேர்ந்திருந்தது. மைக்குக்கு எர்த் இருந்தது, ஆம்புக்கு இல்லை; கசிந்த மின்சாரம் தாஸ் வழியாக மண்ணுக்குப் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் வழியிலேயே போய்விட்டது.

அடக்கம் முடிந்த பிறகு குமார்தான் ஆம்பைக் கொண்டுவந்தார். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. பெட்டியைத் திறந்தேன். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் பழைய கண்டென்சர் ஒன்று உப்பும் ஈரமும் தின்று, கூட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. உள்ளே அந்த மெல்லிய கம்பி, புதிதாக வாங்கியது போல முழுசாக இருந்தது. குமார் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பியூஸ் நல்லாத்தானக்கா கீது."

இரண்டு பெட்டி

ஆம்பை முழுதாகச் சரி செய்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் அப்படியே மூடிவைக்க என்னால் முடியவில்லை. கெட்ட கண்டென்சரை எடுத்துவிட்டு, புது ஒயர், மூன்று கால் பிளக், பச்சை ஒயரைக் கூட்டோடு இறுக்கி ஒரு போல்ட். தாஸின் மனைவி மேரி, இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவர், ஷீபாவைக் கூட்டிக்கொண்டு, கித்தாரையும் எடுத்துக்கொண்டு வந்தார். கோயில் பாடற்குழுவில் அப்பா இடத்தில் ஷீபா வாசிக்கலாம் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். வாசிக்க ஒரு பெட்டி வேண்டும்.

மேரி வாசலிலேயே நின்றார். "விக்க மன்சு வர்லக்கா. வூட்ல வெக்கவும் பயமா கீது. நீயே பாத்து சொல்லுன்னு அவ கைல உட்டுட்டேன்."

மேஜையில் தாஸின் ஆம்பை வைத்தேன். பக்கத்தில், பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றையும் வைத்தேன். தகர டப்பா போலச் சத்தம் வரும், கோயிலின் முன் வரிசைக்குக் கேட்டால் அதிகம். ஷீபா இரண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பியூஸ் சாவும்னு சொன்னீங்களே ஆண்டி. சாவ வெச்சி காட்டுங்க."

ஆம்பை எரிய விட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, கரண்ட் ஒயரோடு சேர்த்த ஒரு ஒயர்த் துண்டைக் கூட்டில் தொட வைத்தேன். 'டிக்.' வால்வுகள் மங்கி அணைந்தன. பியூஸை எடுத்துக் கொடுத்தேன். கம்பி அறுந்து, கண்ணாடியில் கரும்புள்ளி. அவள் அதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"அன்னிக்கி ஏன் சாவல?"

"பச்சை ஒயர் இல்லை. அதனால் கசிந்தது அதற்குத் தெரியவில்லை" என்றேன். பிள்ளைகளுக்கு உண்மையைச் சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். அதைத் தாங்கிக்கொள்வது அவர்கள் பாடு.

புது பியூஸ் போட்டேன். வால்வுகள் மறுபடி ஆரஞ்சாயின. காதை வைத்துக் கேட்டால் மட்டும் தெரியும் ஒரு சின்ன 'ம்ம்ம்'. முதலில் நானே கூட்டின் மேல் வெறும் கையை வைத்துக் காட்டினேன். பிறகு ஷீபா கித்தாரைச் சொருகி ஒரே ஒரு முறை மீட்டினாள். தாஸ் வாசித்தால் வரும் அதே சத்தம். மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஷீபா கித்தாரைக் கழற்றினாள். சின்னப் பெட்டியைக் காட்டி, "இத்த சொவத்துல சொருவணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். பேட்டரி."

உறுமல் இல்லாத, கசிவு இல்லாத, காவலாளி விழித்திருக்கும் ஒரு நல்ல வால்வு ஆம்ப் இப்போது என் கடை அலமாரியில் இருக்கிறது. ஷீபா சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.