சமைப்பது யார்?

திருத்தணி மலைக்கோயிலில் தலைமுறைகளாகச் சமைக்கும் குடும்பம் எங்களுடையது. போன கோடை விடுமுறைக்கு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டேன். செல்போனில் ஒவ்வோர் ஊராகப் பார்த்து, முகம் சுளித்துத் தள்ளினேன். ஓர் ஊரில் கடுகெண்ணெய் நாற்றமாம், இன்னோர் ஊரில் தெருவெல்லாம் வெற்றிலை எச்சிலாம். கடைசியில் ஒடிசா கடற்கரையில் ஒரு சின்ன விடுதி தேறியது.

“அய்யே, வாசல்லயே மீனு காயவெச்சிகினு இருக்காங்க. யார் சமைக்கிறாங்கன்னு கேளுங்க” என்றாள் படத்தைப் பார்த்த மனைவி.

விடுதிக்குப் போன் போட்டேன். விடுதிக்கார அம்மாவுக்குத் தெலுங்கு தெரிந்திருந்தது. ஆந்திர எல்லையோரத்துக்காரனான எனக்கும் தெலுங்கு வரும். “சமைக்கிறவங்க என்ன ஆளுங்க?” என்று கூசாமல் சாதியைக் கேட்டேன்.

“நீங்க எந்த ஊருங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

“திருத்தணி.”

“முருகன் ஊரா! ஆடிக் கிருத்திகைக்கு வந்திருந்தேங்க. மலைமேல புளியோதரை குடுத்தாங்க. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். யார் செஞ்சதுன்னு கேக்கத் தோணலீங்களே.”

அந்தப் புளியோதரையைக் கிளறியது என் கை.

அவர் கோபப்படவில்லை. “வாங்க, உங்களுக்குத் தனி அடுப்பு தர்றேன்” என்றார். போனை வைத்தேன்.

இத்தனை ஊர்களை நாற்றம் என்று தள்ளினேனே, என் வாயைவிடவா அவை நாறிவிட்டன?