மூடாமல் அனுப்பிய குறுந்தட்டு

படம் எழுதி முடித்த சிடித் தட்டு வெளியே வரும்போது இளஞ்சூடாக இருக்கும். அம்மா அதை என் கையிலிருந்து விளிம்பைப் பிடித்து வாங்கி, கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் இருக்கு, ஏறிடுச்சு" என்பாள். சோறு வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோலத்தான் குறுந்தட்டில் படம் ஏறியதா என்றும் அவள் பார்த்தாள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கணினிக்குத் தட்டைப் படிக்க மட்டும்தான் தெரியும். எழுதுவதற்கென்று சாப்பாட்டு டப்பா அளவில் தனியாக ஒரு பெட்டி இருந்தது. ஒரு வயர் கணினிக்கும் இன்னொன்று கரண்டுக்கும் போகும். "ரைட்டர்" என்போம். என் அக்காவைக் கட்டிய மாமா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துக்காரர். கல்யாணம் முடிந்து அக்காவைப் பிரான்சுக்கு அழைத்துப் போகும்போது அந்தப் பெட்டியையும் ஒரு சின்னக் கேமராவையும் எங்களிடம் விட்டுப் போனார். இயக்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லக்கூட வராமல் கதவுக்குப் பின்னால் நிற்கிற எனக்கு, வீட்டில் எல்லோரும் கட்டுப்பட்ட நேரம் ஒன்று உண்டென்றால் அது ரைட்டர் ஓடும் நேரம்தான்.

ஏனென்றால் நடுவில் கரண்டு ஒருமுறை கண் சிமிட்டினாலும் தட்டு கெட்டுப்போகும். அதனால் மிக்சி கூடாது, மோட்டார் கூடாது, மாடியில் குடியிருந்தவர்களிடமும் அயர்ன் பாக்ஸ் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். யாராவது நடந்தால்கூடத் தட்டு ஆடிவிடும் என்று அம்மாவாகவே ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டாள். சட்னி பாதி அரைபட்டபடி கிடக்கும். நாள் முழுக்க உட்காரவே உட்காராத அம்மா என் பக்கத்தில் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, மெதுவாக நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா வந்தால், "அங்கயே நில்லுங்க, உள்ள அக்காவுக்குத் தட்டு ஓடுது" என்பாள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் ஷிப்டு முடித்துவந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்பார். "எங்க ஃபேக்டரியில மிஷினு இதவிடச் சத்தமா ஓடும், நாங்க பக்கத்துல நின்னு டீ குடிக்கிறோம்" என்று அங்கிருந்தே சொல்வார்.

அந்த வருடம் அக்கா முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள், அங்கே தங்குவதற்கான அட்டை கைக்கு வராததால் கிளம்ப முடியவில்லை. அம்மாவுக்கோ விசா கிடைக்கவில்லை. பிரசவத்தை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள், சரி. பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? அம்மாவின் கவலை முழுக்க அதுதான். "நான் காட்டித் தரேன். நீ படம் புடி" என்றாள் என்னிடம்.

எதிர்வீட்டு லட்சுமியக்காவின் மூன்று மாதக் குழந்தையைத்தான் இரவல் வாங்கினோம். பின்கட்டில் அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, கேமராவைப் பார்த்துப் பேசினாள். "மொதல்ல ஒன் முழங்கையில ஊத்திப் பாரு, சூடு தெரியும். தலைக்கு ஊத்தும்போது நெத்தியில கைய இப்படி அணையா வெச்சிக்க, கண்ணுல போவாது." அடுத்த நாள், "தொடையிடுக்கு, கழுத்து மடிப்பு எல்லாம் தொடைக்கணும்னு சொல்லல, அதயும் எடு" என்றாள். அதற்கடுத்த நாள், "சாம்பிராணி போடாதன்னு சொல்லணும். அங்க வூட்டுல பொகை வந்தா மணி அடிச்சி எல்லாரும் ஓடி வருவாங்களாம்." எடுத்ததையெல்லாம் அன்றன்றைக்கே ஒரே தட்டில் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும், தட்டை இத்தோடு மூடிவிடலாமா என்று கணினி கேட்கும். மூடிவிட்டால் மேற்கொண்டு எதுவும் ஏற்ற முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். "மூடிடாதடி, இன்னும் ஏதாச்சும் ஞாபகம் வரும்" என்றாள்.

எங்கள் தெருவில் "சொல்தா" வீடு ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பெரியவர் பிரான்சுக்குக் கிளம்பியபோது தட்டை அவரிடம் கொடுத்தோம். "போன தடவ ஒங்க ஊறுகா ஒழுகி என் கோட்டே நாறிப்போச்சு. இது ஒழுகாதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். டிவியில் போட்டால் தட்டில் ஒன்றுமே இல்லை என்று காட்டுகிறதாம். "சூடாத்தானே இருந்துச்சு" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமா போனை வாங்கி, "தட்ட மூடினீங்களா? மூடலன்னா இங்க இருக்கிற பிளேயர் படிக்காது" என்றார். பிரசவத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நல்லவேளையாக, லீவுக்கு வந்திருந்த அந்தப் பெரியவரின் மகள் இரண்டு நாளில் பிரான்சுக்குத் திரும்பிப் போகிறாள் என்று தெரிந்தது.

புதுத் தட்டைப் போட்டேன். எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று எடுக்கச் சொன்னாள் அம்மா. கேமரா முன்னால் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "பயப்படாத. அவ்ளோதான்" என்றாள். எல்லாவற்றையும் ஏற்றும்போது, தட்டை மூடிவிடலாமா என்று கணினி வழக்கம்போலக் கேட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "இரு" என்றாள். நான் இருந்தேன். பிடி தளர்ந்ததும், "சரி, மூடு" என்றாள்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் தட்டு போய்ச் சேர்ந்தது. குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, டிவியில் அம்மாவை ஓடவிட்டு, அவள் சொல்லச் சொல்ல அக்கா தண்ணீர் ஊற்றினாளாம். "அழுதானா?" என்று போனில் கேட்டாள் அம்மா. "அவன் அழுவலம்மா. நான்தான்."

அக்கா மகனோடு ஊருக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது நிறைந்திருந்தது. வந்த மறுநாள் காலையில் அம்மா பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து அவனைக் கால்மேல் கிடத்தினாள். அவன் கால்கள் இரண்டும் அம்மாவின் பாதத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. அவன் நெளிந்து இறங்கி ஓடினான். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான் சிரித்தாள். பிறகு, விளாவி வைத்திருந்த வெந்நீரை என்ன செய்வதென்று தெரியாததுபோல அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள்.

இப்போதைய கணினிகளில் தட்டுப் போட இடமே இல்லை. எங்கள் ரைட்டரையும் போன வருடம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். அக்காவின் முகம் தினமும் போனில் வருகிறது. அம்மாவும் பார்க்கிறாள், "சாப்ட்டியா" என்கிறாள், என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறாள். அனுப்பும் படத்தை அக்கா பார்த்துவிட்டாள் என்று உடனே இரண்டு நீல டிக்குகள் சொல்லிவிடுகின்றன. அந்தத் தட்டு கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அம்மா வேலைக்கு நடுவே வாசலுக்கு வந்து நின்று, "இந்நேரம் பார்த்துக்கிட்டிருப்பா" என்று தெருவைப் பார்த்துச் சொல்வாள். இப்போது அவள் அப்படி வந்து நிற்பதில்லை.