குழி காக்கும் ஆண்கள்

மீன் பண்ணையில் வேலை பார்ப்பவன் மீனின் வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில், தருமபுரி மாவட்டத்தில் ஓர் அணைக்குக் கீழே இருந்த சின்னப் பண்ணையில் எனக்கு அந்த வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடையோடு டவுன் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்காரர் மெல்ல எழுந்து போவதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி.

யாகூப் பாய் தந்த தலைகள்

கெண்டை ஆற்று மீன். குளத்தில் அடைத்து வைத்தால் தானாக முட்டையிடாது. சினையோடு செத்த இன்னொரு மீனின் மண்டையைத் திறந்து, மூளைக்கு அடியில் கடுகு போல இருக்கும் சுரப்பியை எடுத்து அரைத்து, அந்தத் தண்ணீரைக் குளத்து மீனுக்கு ஊசியில் ஏற்ற வேண்டும். தலைகளைத் தந்தவர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த யாகூப் பாய். குழம்புக்குத் தலை கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டு எனக்காக எடுத்து வைப்பார்.

அந்தத் தலைகள் என்ன ஆகின்றன என்று பார்க்க ஒருநாள் விடிகாலையில் பண்ணைக்கே வந்துவிட்டார். தண்ணீரில் கட்டியிருந்த துணித் தொட்டிக்குள் ஒரு பெண் கெண்டையை இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் நெருக்கி இடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் விந்துப் பாலோடு இன்னொன்றின் பால் போட்டி போட்டுக் கலந்து, தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்துவிட்டது. பாய் அதைப் பார்த்தார். பக்கத்தில் தட்டில் கிடந்த, மண்டை திறந்த தலைகளைப் பார்த்தார். அவற்றின் கண்கள் இன்னும் பளபளப்பாக இருந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "செத்தது சொல்லித்தான் உசுரோட இருக்கறது ஜோடி சேருதா? மீன எடுத்து வெக்கிறேன் தம்பி, தலைய வெட்டறது மட்டும் நீங்களே வெட்டிக்குங்க."

மறுபடியும் அவன்

ஒரு குளத்தில் யாரும் விடாமலே ஜிலேபி மீன் புகுந்துவிட்டது. அதில் பெரிய ஆண் ஒன்று, உடம்பெல்லாம் கரி, தொண்டை மட்டும் வெள்ளை, துடுப்போரம் சிவப்பு. கரையோரச் சேற்றில் வட்டமாகக் குழி பறித்து, அதன் நடுவில் அசையாமல் நிற்கும். பெருகிக் கெண்டையின் தீனியைத் தின்றுவிடுமே என்று, அதைப் பிடித்துவிடச் சொல்லி வலைக்காரர் முனிரத்தினத்திடம் சொன்னேன். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற மனுஷன், எதற்கும் பயப்படாதவர். காலையில் ஒரே வீச்சில் பிடித்தார். நான்தான் அதை வாளியில் போட்டேன்.

மத்தியானம் அதே குழியில், அதே இடத்தில், அதே கறுப்பன் நின்றான். முனிரத்தினம் மறுபடி பிடித்தார். மறுநாளும் ஒருவன் நின்றான். பிடிபட்ட மீனே திரும்பி வருகிறது என்று பயந்து ஊர்க்காரர்கள் கரைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வலையைத் தொடமாட்டேன் என்று முனிரத்தினமும் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொண்ணும் வேற வேற மீனுங்க. பெரியவன் போனதும், வெளுப்பா இருக்கற சின்ன ஆம்பள ஒண்ணு கறுத்து அந்த எடத்தப் புடிச்சிக்கும்" என்று விளக்கினேன். அவர் குழியையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பெரியவன் இருந்த வரைக்கும் இவன் எங்க சார் இருந்தான்?"

பெண் நிறத்தில்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு பேரும் கரையில் சத்தமில்லாமல் குந்தினோம். கறுப்பன் குழியில் நின்றான். அவனோடு வெளுத்த மீன் ஒன்று ஒட்டிக்கொண்டு சுற்றியது. அதைப் பார்த்து அவன் உடம்பைச் சிலிர்த்தான், வால் ஆட்டினான், குழிக்குள் அழைத்துக் காட்டினான். அது அடக்கமாகத் தலையைத் தாழ்த்தி நின்றது. முட்டை மட்டும் இடவில்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு வெளுத்த மீன் வந்தது. அது முட்டையிட்டது. கறுப்பன் சுற்றி வருவதற்குள், முதலில் நின்றிருந்தது வயிறு மண்ணில் உரச முட்டைகளின் மேல் ஒரு வீச்சில் பாய்ந்து வெளியேறியது. வந்த பெண் முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கறுப்பன் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. முனிரத்தினம் அந்த முதல் மீனைக் கைவலையால் அள்ளி என்னிடம் தந்தார். வயிற்றை அமுக்கினேன். உள்ளங்கையில் வெள்ளையாகப் பால் பீய்ச்சியது. அதுவும் ஆண். முனிரத்தினம் குழியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பொண்டாட்டின்னு நெனச்சி பக்கத்துல வெச்சிக்கினு இருந்தானே, அது யாருன்னு சாகற வரைக்கும் அவனுக்குத் தெரியாது சார்."

அசைவு

ஒரு கோடையில் தண்ணீர் குறைந்துபோனது. காலையில் பண்ணைக்கு வந்தால், ஆண் கெண்டைகளை விட்டிருந்த தொட்டியில் எல்லாம் மூச்சு முட்டி மல்லாந்து கிடக்கின்றன. பக்கத்துத் தொட்டியில் ஊசி போட்ட பெண் ஒன்று, வயிறு வெடிக்கிற மாதிரி. இனி அது தாங்காது. அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் குஞ்சு கேட்டு வரப்போகிறவர்களுக்கு என்ன சொல்வது? தொட்டி கழுவும் அம்சவேணி செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றின் செவுள் இன்னும் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, அதன் பால் கெட்டிருக்காது என்று நிறுத்தச் சொன்னேன்.

தண்ணீர் பட்டால் ஆணின் பால் சில நொடி நீந்தி ஓய்ந்துவிடும். அதனால் அந்த ஆணையும் பெண்ணையும் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடைத்தோம். எனாமல் பேசினில் பெண்ணின் முட்டையைப் பிதுக்கி இறக்கினேன். அம்சவேணி செத்த ஆணை இரண்டு கையாலும் அதன் மேல் பிடித்துக்கொண்டாள். அமுக்கினேன், பால் வந்தது. கோழி இறகால் கலக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆண் அதற்குள் அவள் கையிலேயே விறைத்திருந்தது.

மறுநாள் காலையில் பாதி முட்டை வெளுத்துக் கெட்டிருந்தது. மீதியில், கண்ணாடி போன்ற தோலுக்குள், நூல் மாதிரி ஏதோ துடித்தது. நான் துள்ளிக் குதித்தேன். அம்சவேணி குதிக்கவில்லை. பேசின் மேல் குனிந்தவள் நிமிரவே இல்லை. அவள் புருஷன் பொம்மிடி பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டுச் செத்தவன் என்று முனிரத்தினம் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் தண்ணீரைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "எம் மவளும் இப்பிடித்தாங்க, அவங்கப்பன அடக்கம் பண்ணிட்டு வூட்டுக்கு வந்தப்புறந்தான் வயித்துல மொதமொதல்ல அசைஞ்சா."

சில வருஷம் கழித்து நான் கோழிப் பண்ணைக்கு வேலை மாறிப் போனேன். சேவல் எவ்வளவோ தேவலை, தான் ஆண் என்பதை விடிந்ததும் ஊர் கேட்கக் கூவிச் சொல்லிவிடுகிறது.